அஞ்சல் வாக்குச்சீட்டை நிரப்ப உதவுபவர்: எதுவரை உதவி, எங்கே தொடங்குகிறது அத்துமீறல்?

தொடக்கப் பதிவு – கலிபோர்னியா மகள்

அனைவருக்கும் வணக்கம். சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருளுங்கள்.

என் அம்மாவுக்கு 81 வயது. 55 வயதைக் கடந்து, நிரந்தரக் குடியிருப்பு அட்டையுடன் 15 ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு என்ற விதியின்படி, குடிமையியல் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தமிழிலேயே விடை சொல்லி அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். தமிழில் எதைக் கொடுத்தாலும் வாசித்துவிடுவார். ஆங்கிலத்தில் தம் பெயரைத் தவிர வேறெதையும் எழுத்துக்கூட்டக்கூட இயலாது. இப்போது கைநடுக்கமும் சேர்ந்துகொண்டது. கலிபோர்னியாவில் பதிவு செய்த வாக்காளர் ஒவ்வொருவருக்கும் வாக்குச்சீட்டு வீடு தேடி வருவதால், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அவருடைய வாக்குச்சாவடி. நான் வாசித்துச் சொல்ல, அவர் சொல்வதை நான் நிரப்ப, உறையில் அவர் நடுங்கும் கையால் கையெழுத்திடுவார்.

2024 நவம்பரில் வந்த சீட்டில், வாக்காளர்களே ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று நேரடியாக முடிவு செய்யும் 33ஆம் எண் முன்மொழிவு இருந்தது. வீட்டு வாடகைக் கட்டுப்பாடு பற்றியது. நான் அதைத் தமிழில் விளக்கிக்கொண்டே போனபோது, அம்மா இடைமறித்து, “நீ எதற்குப் போடப் போகிறாய்?” என்று கேட்டார். சொன்னேன். “அப்படியே எனக்கும் போடு” என்றார். போட்டேன். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அது அவருடைய வாக்கா, என் இரண்டாவது வாக்கா என்ற கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

இப்போது அம்மாவின் நண்பர்கள் இருவர், பிள்ளைகள் வேறு ஊர்களில் இருப்பதால், தங்கள் சீட்டையும் நிரப்பித் தருமாறு என்னைக் கேட்கிறார்கள். ஒருவருக்குப் பார்வை மங்கிவிட்டது. மற்றவருக்கு ஆங்கிலம் தெரியாது. “வேண்டாம், ஊரார் சீட்டைத் தொட்டால் சிறைக்குப் போவாய்” என்று உறவினர் ஒருவர் அச்சுறுத்துகிறார். சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? சட்டம் சொல்லாத இடத்தில் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

மறுமொழி – முன்னாள் வாக்குச்சாவடிப் பணியாளர்

அம்மா, முதலில் அச்சத்தை விடுங்கள். நீங்கள் செய்வது குற்றமன்று. உங்கள் தாயாருக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமை அது. அந்த உரிமை உதவுபவருடையது அன்று, வாக்காளருடையது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு முன், தெற்கு மாநிலங்கள் பலவற்றில் எழுத்தறிவுச் சோதனை என்ற பெயரில் கறுப்பின மக்களை வாக்குச்சாவடியிலிருந்து விரட்டினார்கள். அந்தச் சட்டம் குறிப்பிட்ட பகுதிகளில் அச்சோதனையை நிறுத்தியது, 1970இல் தடை நாடு முழுவதற்கும் விரிந்தது, 1975இல் நிலையானது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவரை வாக்களிக்கலாம் என்று உள்ளே அழைத்துவிட்டு, அவரால் வாசிக்க முடியாத ஒரு தாளைக் கையில் கொடுப்பதில் என்ன பொருள்? அந்தக் குறையை நிரப்பத்தான் 1982 திருத்தத்தில் 208ஆம் பிரிவு சேர்க்கப்பட்டு, 1984 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பார்வையின்மை, உடல் அல்லது மனக் குறைபாடு, எழுதவோ படிக்கவோ இயலாமை ஆகிய காரணங்களால் உதவி தேவைப்படும் வாக்காளர், தாம் விரும்பும் ஒருவரின் உதவியைப் பெறலாம் என்பதே அதன் சாரம். விலக்கப்பட்டவர்கள் வாக்காளரின் முதலாளி, அந்த முதலாளியின் முகவர், வாக்காளர் சார்ந்த தொழிற்சங்கத்தின் நிர்வாகி அல்லது முகவர் ஆகியோர் மட்டுமே.

இந்த விலக்கைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வீட்டுக்கு வந்து முதியவரைக் கவனித்துக்கொள்ளும் பணிப்பெண் உதவக்கூடாது என்று பலமுறை என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். அந்தப் பணிப்பெண் வாக்காளரிடம் வேலை செய்பவர். வாக்காளருக்கு வேலை கொடுப்பவர் அல்லர். சம்பளத்தை நிறுத்தவோ வேலையைப் பறிக்கவோ வல்லவர் வாக்காளரின் தோளுக்கு மேலிருந்து எட்டிப்பார்க்கக் கூடாது என்பதற்காகவே அந்த விலக்கு.

இது வாக்குச்சாவடிக்கு மட்டும்தானா என்றும் கேட்பார்கள். அதே சட்டம் வாக்களித்தல் என்ற சொல்லுக்குத் தரும் வரையறை, பதிவு செய்வதிலிருந்து வாக்கு எண்ணப்படுவது வரை அதைப் பயனுடையதாக்கத் தேவையான எல்லாச் செயல்களையும் உள்ளடக்கியது. ஆகவே அஞ்சல் சீட்டுக்கு விண்ணப்பிப்பதும், நிரப்புவதும், உறையிடுவதும், கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதில் அடங்கும் என்று நீதிமன்றங்கள் பலவும் கூறியிருக்கின்றன.

கலிபோர்னியாவைப் பொறுத்தவரை மூன்று செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். தாயாரால் கையெழுத்திட முடியாத நாள் வந்தால், அவர் ஓர் அடையாளக் குறி இட்டு, அருகில் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திடலாம். நீங்கள் அவருக்காகக் கையெழுத்திடக் கூடாது. அதிகாரப் பத்திரம் கையில் இருந்தாலும் அது இங்கே செல்லாது. அடுத்து, 2016இல் வந்த மாற்றத்திற்குப் பிறகு, உறையைச் சேர்ப்பிக்கும் பொறுப்பை வாக்காளர் யாரிடம் வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம்; உறவினராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இத்தனை உறைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி பெறக் கூடாது. பெற்றுக்கொண்ட மூன்று நாட்களுக்குள், வாக்குப்பதிவு முடிவதற்கு முன் சேர்ப்பித்துவிட வேண்டும். உறையில் கொண்டுவந்தவரின் பெயர், உறவுமுறை, கையெழுத்து ஆகியவற்றுக்கு இடம் உண்டு, அதை நிரப்பிவிடுங்கள்.

மறுமொழி – வட கரோலினா வாசகர்

மேலே எழுதிய ஐயா சட்டத்தை மிகத் தெளிவாக எடுத்துரைத்திருக்கிறார். ஆனால் அச்சத்தை விடுங்கள் என்று அவர் தொடங்கியதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. நான் வாழும் மாநிலத்தில் நடந்ததை நினைவூட்டுகிறேன்.

2018இல் எங்கள் ஒன்பதாவது காங்கிரஸ் தொகுதியில் 905 வாக்குகள் வித்தியாசத்தில் ஒருவர் முன்னிலை பெற்றார். பிளேடன் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பகுதி), ஒரு வேட்பாளருக்காக அமர்த்தப்பட்டவர் கூலிக்கு ஆள் வைத்து, வீடு வீடாகச் சென்று அஞ்சல் சீட்டுகளைச் சேகரித்தது பின்னர் வெளிவந்தது. நிரப்பாத சீட்டுகளையும், முத்திரையிடாத உறைகளையும் வாங்கிச் சென்றதாகச் சாட்சியங்கள் வந்தன. மாநிலத் தேர்தல் வாரியம் முடிவை உறுதிப்படுத்த மறுத்து, 2019 பிப்ரவரியில் மறுதேர்தலுக்கு ஆணையிட்டது. செப்டம்பரில் அது நடந்தது. அந்த ஆட்கள் கதவைத் தட்டியபோது சொன்னதும் “உதவி செய்ய வந்திருக்கிறோம்” என்பதுதான். ஏமாந்தவர்களில் முதியவர்களும் ஏழைகளும் இருந்தனர். ஆகவே விதியைக் கடுமையாக்குபவர்கள் எல்லாரும் வாக்கைப் பறிக்க வந்தவர்கள் என்று கருதிவிட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கூலிக்கு வருபவரைவிட எனக்குக் கவலை தருவது வீட்டுக்குள் நடப்பது. நம் குடும்பங்களில் கணவர் மனைவியின் சீட்டையும் தாமே நிரப்பி, “இங்கே கையெழுத்துப் போடு” என்று நீட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களுக்குக் கண் தெரியும், படிக்கத் தெரியும். அவர்களுக்கு உதவியே தேவையில்லை. அதை யாரும் குற்றமாக எண்ணுவதில்லை. குடும்ப வழக்கம் என்று கடந்துபோகிறார்கள். வாக்குச்சாவடித் திரைக்குப் பின்னால் மாமியாரும் இல்லை, மகனும் இல்லை. அஞ்சல் சீட்டு அந்தத் திரையை எடுத்துவிடுகிறது.

எங்கள் மாநிலத்தில் முதியோர் இல்லங்களில் வாழ்பவர்களுக்கு உதவ, வெவ்வேறு கட்சிச் சார்புடையவர்கள் சேர்ந்த குழுக்களைக் கவுண்டித் தேர்தல் வாரியங்கள் அனுப்புகின்றன. ஒருவரை ஒருவர் கண்காணிப்பதால் நம்பகத்தன்மை கூடுகிறது. இந்த முறையை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன்.

மறுமொழி – முன்னாள் வாக்குச்சாவடிப் பணியாளர்

வீட்டுக்குள் நடக்கும் அழுத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் மாநிலத்தின் கதையில் அடுத்த பகுதியும் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் நாள்தோறும் தம்மைத் தூக்கி உட்கார வைத்து உணவூட்டும் ஊழியரிடம் ஒருவர் சீட்டை நிரப்பித் தரச் சொன்னால், அந்த ஊழியர் உதவுவதை மாநிலச் சட்டம் தடுத்தது. குழு வரும்வரை காத்திரு என்றார்கள். குடும்பத்தினர் தொலைவில் இருக்க, குழுவும் உரிய நேரத்தில் வராவிட்டால் அந்த மனிதர் என்ன செய்வார்? மாற்றுத்திறனாளிகள் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில் 2022இல் கூட்டாட்சி நீதிமன்றம், அந்தத் தடை 208ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. குழு இருக்கட்டும், அதை வேண்டும் என்பவர் கேட்டுப் பெறட்டும். நம்பும் ஆளை விடுத்து, அறியாத இருவரிடம் மனத்தைத் திறக்கச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மறுமொழி – பார்வையற்ற வாக்காளர், மேரிலாந்து

இந்த இழையில் எல்லாரும் உதவுபவரைப் பற்றியே பேசுகிறீர்கள். உதவி பெறுபவனாக நானும் கொஞ்சம் பேச அனுமதியுங்கள்.

பிறவியிலேயே எனக்குப் பார்வை இல்லை. அப்பா இருந்தவரை என் சீட்டை அவர்தான் நிரப்பினார். அவர் நேர்மையானவர், நான் சொன்னதையே நிரப்பினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சந்தேகமில்லை என்பதும் தெரியும் என்பதும் ஒன்றல்ல. ஒருமுறை அவருக்குச் சிறிதும் பிடிக்காத வேட்பாளருக்கு வாக்களிக்க விரும்பினேன். அவர் மனம் நோகும் என்று எண்ணி, அந்த இடத்தை வெற்றாக விடச் சொல்லிவிட்டேன். அவர் என்னை எந்த வகையிலும் வற்புறுத்தவில்லை. அவர் அருகில் இருந்ததே போதுமானதாயிற்று. மகளாகிய நீங்கள் உறக்கமின்றித் தவித்ததைப் படித்தபோது, மேசையின் மறுபக்கம் அமர்ந்திருந்தவனாக இதைச் சொல்லத் தோன்றியது.

எங்கள் மாநிலத்தில் பார்வையற்றோர் தொடுத்த வழக்கில், 2016இல் நான்காவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், அஞ்சல் வாக்கு முறையை மாற்றுத்திறனாளிகள் பிறர் துணையின்றிப் பயன்படுத்தும்படி அமைக்க வேண்டும் என்ற கீழ்நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. அதற்குப் பிறகு சீட்டைக் கணினியில் திறந்து, திரைவாசிப்பான் வழியாகக் கேட்டு, நானே குறியிட்டு அச்சிட்டு அனுப்புகிறேன். கலிபோர்னியாவிலும் இத்தகைய வசதி உண்டு. உங்கள் தாயாரின் பார்வை மங்கிய நண்பரிடம் அவசியம் சொல்லுங்கள். அவருக்கு உங்கள் உதவி தேவைப்படாமலே போகலாம், அல்லது கணினியைத் திறந்து கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவதே நீங்கள் செய்யும் மிகப் பெரிய உதவியாக இருக்கலாம்.

குறைகள் நீங்கிவிடவில்லை. வீட்டில் அச்சிட்ட தாளை எண்ணும் எந்திரம் ஏற்காது என்பதால், பணியாளர்கள் அதை வேறொரு சீட்டில் படியெடுக்கிறார்கள். அச்சுப்பொறி இல்லாதவருக்கு இந்த வழியே அடைபடுகிறது. கையெழுத்திடும் இடத்தைக் கண்டறிய உறையில் துளையிட்டுத் தரும் வழக்கம் சில இடங்களில் மட்டுமே இருக்கிறது. ஆனாலும் முதன்முறையாக யாருக்கும் தெரியாமல் வாக்களித்த நாளன்று எனக்கு 40 வயது. அந்த நாளை மறக்க மாட்டேன்.

மறுமொழி – ஆர்க்கன்சா வாசகர்

ஐயா, உங்கள் பதிவைப் படித்து நெகிழ்ந்தேன்.

சட்டத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 208ஆம் பிரிவு நாடு முழுவதற்கும் பொதுவானது என்றாலும், அதை எப்படி நிலைநாட்டுவது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறிக்கொண்டிருக்கிறது. எங்கள் மாநிலத்தில், தேர்தல் பணியாளர் அல்லாத ஒருவர் வாக்களிப்பதில் ஆறு பேருக்கு மேல் உதவக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆங்கிலம் அறியாத குடியேறிகளுக்கு உதவிவந்த அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்து, 2022இல் கீழ்நீதிமன்றத்தில் வென்றது. 2025 ஜூலையில் எட்டாவது மேல்முறையீட்டு நீதிமன்றம், 208ஆம் பிரிவின்கீழ்த் தனியாரோ அமைப்புகளோ வழக்குத் தொடுக்க முடியாது என்று அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. ஆர்க்கன்சாவோடு மிசூரி, அயோவா, மினசோட்டா, நெப்ராஸ்கா, இரு டகோட்டாக்கள் ஆகிய ஏழு மாநிலங்கள் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகின்றன. உரிமை ஏட்டில் அப்படியே இருக்கிறது. அது பறிக்கப்பட்டால் நீதிமன்றக் கதவைத் தட்ட வேண்டியவர் கூட்டாட்சி அரசின் தலைமை வழக்கறிஞர் மட்டுமே என்றாகிவிட்டது. ஏழாவதாக வரும் முதியவரிடம் “மன்னியுங்கள், என் கணக்கு முடிந்துவிட்டது” என்று சொல்ல வேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள்.

அலபாமாவில் 2024இல் வந்த சட்டம் இன்னும் கடுமையானது. பிறருடைய அஞ்சல் வாக்கு விண்ணப்பத்தை நிரப்பவோ சேர்ப்பிக்கவோ பணமோ பரிசோ பெறுவதும் கொடுப்பதும் பெருங்குற்றம் என்றது. அஞ்சல்தலைச் செலவை ஏற்றுக்கொள்வதும் பரிசாகிவிடுமோ என்று தொண்டர்கள் அஞ்சினார்கள். பார்வையற்றோர், மாற்றுத்திறனாளிகள், எழுதப் படிக்க இயலாதோர் ஆகியோரைப் பொறுத்தவரை அதை நடைமுறைப்படுத்தக் கூடாது என்று அவ்வாண்டு செப்டம்பரில் கூட்டாட்சி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார்.

மறுமொழி – டெக்சஸ் வாசகர்

மொழி தெரியாமையும் எழுதப் படிக்க இயலாமைதானா என்ற கேள்வியை யாரும் இன்னும் தொடவில்லை. தொடக்கப் பதிவு இட்டவருக்கு அதுவே முதன்மையான கேள்வி.

எங்கள் மாநிலத்தில் 2014இல் வில்லியம்சன் கவுண்டியில், வங்க மொழி பேசும் ஒரு தாயார் தம் மகனை மொழிபெயர்ப்பாளராக அழைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குச் சென்றார். மொழிபெயர்ப்பவர் அதே கவுண்டியில் பதிவு பெற்ற வாக்காளராக இருக்க வேண்டும் என்ற மாநில விதியைக் காட்டி, பக்கத்துக் கவுண்டி வாக்காளரான மகனைத் தடுத்துவிட்டார்கள். தாயார் துணையின்றித் திணற நேர்ந்தது. வழக்கு ஐந்தாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. 2017இல், அந்த விதி 208ஆம் பிரிவோடு மோதுகிறது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. சீட்டில் இருக்கும் மொழியை வாசிக்க முடியாதவரும் அந்தப் பிரிவின் பாதுகாப்புக்குள் வருவார் என்பதற்கு நம்மைப் போன்றவர்கள் நினைவில் வைக்க வேண்டிய வழக்கு இது. பெரும்பாலான கவுண்டிகளில் தமிழில் சீட்டு கிடைப்பதில்லை என்ற நிலையில், மகளோ பேரனோ அண்டை வீட்டாரோதான் நம் முதியவர்களின் தமிழ்ச் சீட்டு.

ஆனால் இதே டெக்சஸ், 2021 சட்டத்தின் வழியாக, அஞ்சல் சீட்டுக்கு உதவுபவர் தம் பெயர், முகவரி, உறவுமுறை ஆகியவற்றை எழுதி, தம்மைத் தேர்ந்தெடுக்குமாறு வாக்காளரை வற்புறுத்தவில்லை என்று பொய்ச்சான்றுத் தண்டனைக்கு உட்பட்டு உறுதிமொழி தர வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் பகுதிகள் வழக்குகளில் இழுபட்டு வந்திருக்கின்றன. பெயர் எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. உதவுபவர் யார் என்று தெரிவதில் நன்மையே உண்டு. ஒரு சொல் தவறினால் சிறை என்ற மிரட்டல் நல்லவர்களைத்தான் முதலில் விலக்கும்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சட்டத்தின் ஆங்கில வாசகம் வாக்காளர் தேர்ந்தெடுக்கும் அந்த நபர் என்று சுட்டவில்லை. வாக்காளர் தேர்ந்தெடுக்கும் ஒரு நபர் என்றே சொல்கிறது. அந்த ‘ஒரு’ என்பதைப் பிடித்துக்கொண்டு, மாநிலங்கள் சிலரை விலக்கினாலும் மற்றவர்களிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடிகிறதே என்று சில தீர்ப்புகள் வாதிட்டிருக்கின்றன. முதலாளியையும் சங்கத்தையும் பெயரிட்டு விலக்கிய நாடாளுமன்றம், வேறு எவரையும் விலக்க எண்ணியிருந்தால் அங்கேயே எழுதியிருக்கும் என்பதே என் கருத்து.

மறுமொழி – வட கரோலினா வாசகர்

மேரிலாந்து நண்பரின் பதிவை இருமுறை படித்தேன். குழுவே போதும் என்ற பொருளில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். தேர்வு வாக்காளருடையதாக இருக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி கொடுப்பதையும், வேட்பாளரின் ஆட்கள் நிரப்பிய சீட்டை வாங்கிச் செல்வதையும் கலிபோர்னியாவும் அலபாமாவும் ஒன்றுபோலத் தண்டிக்க வேண்டும் என்பதில் நான் பின்வாங்கவில்லை. 905 வாக்குகளை நான் மறக்கவில்லை.

மறுமொழி – கலிபோர்னியா மகள்

எல்லாருக்கும் என் நன்றி. சட்டம் பற்றிய அச்சம் நீங்கியது. என்னை வருத்திய மற்றொன்றுக்கு நானே விடை தேட வேண்டியிருந்தது, தேடியதை எழுதுகிறேன்.

அந்த 33ஆம் முன்மொழிவை மீண்டும் எடுத்து வாசித்தேன். சிக்கல் அம்மாவிடம் இருக்கவில்லை, என் மொழிபெயர்ப்பில் இருந்தது. உள்ளாட்சிகள் வாடகைக் கட்டுப்பாடு விதிப்பதை மட்டுப்படுத்தும் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அந்தச் சட்டத்தை நீக்கலாமா என்பதே கேள்வி. அதாவது ‘ஆம்’ என்றால் தடையை நீக்கு, ‘இல்லை’ என்றால் தடை இருக்கட்டும். நானோ, வாடகைக்குக் கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்று சுருக்கிச் சொல்லிவிட்டேன். அந்தச் சுருக்கத்திலேயே என் விருப்பம் புகுந்துவிட்டது. எந்தச் சொல்லை அழுத்துகிறோம், எந்த வரியை விரைந்து கடக்கிறோம் என்பதெல்லாம் வாக்கைத் தள்ளுகிறது. குறியிடும் கையைச் சட்டம் கண்காணிக்கலாம். மொழிபெயர்க்கும் நாவைக் கண்காணிக்க அதற்கு வழியில்லை.

ஆகவே அம்மாவோடு உட்கார்ந்து பேசினேன். இனிமேல் சீட்டு வந்தவுடன் நான் எதையும் விளக்குவதில்லை. தலைப்பை உள்ளபடி தமிழில் எழுதி, ‘ஆம்’ என்றால் என்ன நடக்கும், ‘இல்லை’ என்றால் என்ன நடக்கும் என்று இரண்டு வரிகள், பெரிய எழுத்தில். வாக்காளர் கையேட்டில் இருக்கும் இரு தரப்பு வாதங்களையும் அதே நீளத்தில் தமிழில் எழுதித் தருவேன். அம்மா தமிழ் வாசிப்பவர் என்பதை நானே மறந்துபோய், இத்தனை நாளும் அவருக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டுச் சொல்வார். என் கருத்தைக் கேட்டால், சீட்டு உறைக்குள் போன பிறகு சொல்வேன் என்றேன். “அப்போது சொல்லி என்ன பயன்?” என்று கேட்டவர், சற்று நேரம் கழித்து, “சரி, அப்படியே செய்” என்றார்.

பார்வை மங்கிய பெரியவருக்குக் கணினி முறையைச் சொன்னேன். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் தாமே செய்துகொள்வதாகக் கூறிவிட்டார். ஆங்கிலம் தெரியாத மற்றவரின் மகன் நேற்று வேறொரு நகரத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, அப்பாவின் சீட்டில் எதெதை நிரப்ப வேண்டும் என்று ஒரு பட்டியலைச் சொல்லத் தொடங்கினார். அப்பா சொல்வதை மட்டுமே நிரப்புவேன் என்றேன். அப்படியானால் வேண்டாம், தாமே வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். இன்று காலை அந்தப் பெரியவரே அழைத்தார். மகன் சொன்னது தமக்குத் தெரியும் என்றும், சீட்டு தம் மேசை இழுப்பறையில் பிரிக்காமல் இருக்கிறது என்றும், நான் எழுதும் தமிழ்த் தாளை எடுத்துக்கொண்டு எப்போது வர முடியும் என்றும் கேட்டார். சனிக்கிழமை காலை போகிறேன்.